டீக்கடைக் கூரையில் சிரிக்கும் முகம்

பாப்பா, தம்பி, இது உங்கள் இரண்டு பேருக்கும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாப்பாவை டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பன் பட்டர் வேண்டுமென்று ஒரே அடம். பெஞ்சில் உட்கார்ந்து பன்னைக் கடித்தவள் அண்ணாந்து பார்த்தாள். கடித்த வாய் கடித்தபடியே நின்றுவிட்டது. ஒழுகாமல் இருப்பதற்காகக் கூரைக்கு அடியில் கடைக்காரர் பாய் கட்டியிருக்கும் பிளெக்ஸில் ஒரு முகம். வட்டத்துக்குள் முகம், சுற்றிலும் வெள்ளை ரோஜா, பக்கத்தில் எரிகிற விளக்கு. கீழே டீ குடிப்பவர்களைப் பார்த்து அது சிரித்துக்கொண்டிருந்தது.

“அப்பா, இந்த அண்ணன் செத்துப்போச்சா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அதே முகம் தெருவிலிருந்து உள்ளே எட்டிப் பார்த்து, “பாய், ரெண்டு டீ. ஒண்ணுல சக்கர கம்மி” என்றது.

பாப்பா என் முதுகுக்குப் பின்னால் போனவள், வீடு வரும்வரை சட்டையை விடவில்லை. தம்பி, வீட்டில் அதைக் கேட்டு நீ சிரித்தாய். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த முகத்தைப் பார்த்துப் பெரியவர்களே பயந்திருக்கிறார்கள்.

அவன் சாகவில்லை பாப்பா. ஆனால் கொஞ்ச காலம் அவனுக்கே அதில் சந்தேகம் இருந்தது.

எழுதட்டுமா என்று அவனிடமே கேட்டேன். “எழுது நைனா. பேரு மட்டும் வாணாம். அதுங்க பெருசானதும் படிக்கட்டும்” என்றான். தெருப் பையன்கள் எல்லாருக்கும் நான் நைனாதான். ஆகவே நீங்கள் வளர்ந்த பிறகுதான் இதைத் தருவேன். படித்த பிறகும் தெருவில் பார்த்தால் எப்போதும் போல அண்ணா என்று கூப்பிடுங்கள். வேறொன்றும் கேட்காதீர்கள்.

எச்.ஐ.வி. பற்றிச் சொல்ல நம் பக்கம் முன்பெல்லாம் வேன் வரும். ஸ்பீக்கர் கட்டிய வேன். மண்டை ஓடு வரைந்த படத்தைப் பக்கவாட்டில் மாட்டியிருப்பார்கள். அது தெருவுக்குள் நுழைந்ததும் ஜனங்கள் ஜன்னலைச் சாத்துவார்கள். போனதும் திறப்பார்கள். காக்கை மட்டும்தான் முழுசாகக் கேட்டிருக்கும்.

சில வருஷத்துக்கு முன்னால் அரசு ஆஸ்பத்திரியில் இருந்து வந்த கவுன்சலர் அம்மா வேன் இல்லாமல் ரயிலில் வந்தார். மதுரைப் பக்கத்துக்காரர். நலச்சங்க அறையில் எங்களை உட்காரவைத்து, “நான் பேசினா ரெண்டு நாள்ல மறந்துருவீங்க. பிள்ளைகளுக்குப் பிள்ளைகதான் சொல்லணும், பெத்தவங்க நீங்களும் கூட நிக்கணும்” என்றார். அந்த அறையின் சாவி என்னிடம் இருந்ததால் நானும் அதில் சேர்ந்தேன். மற்றபடி எனக்கு என்ன தெரியும்? அம்பத்தூர் எஸ்டேட்டில் மெஷினுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். கையில் தின்னர் வாசனை போகாது. அவ்வளவுதான்.

அந்த அறையில் சாயங்காலம் கேரம் ஆடுகிற பையன்கள் ஐந்து பேர் முன்வந்தார்கள். எல்லாரும் இருபது, இருபத்திரண்டு வயது. அவர்கள் கண்டுபிடித்த முறை எனக்குப் பிடித்திருந்தது. ஆட்டத்தில் சிவப்புக் காயைப் போட்டவன் எச்.ஐ.வி. பற்றி ஒரு சந்தேகம் கேட்கலாம், எதிரே உட்கார்ந்தவன் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். தெரியவில்லை என்றால் அந்த அம்மாவுக்குப் போன். கேட்க வெட்கப்படுகிறவன்கூடச் சிவப்பைப் போட்டுவிட்டால் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுவிடுவான்.

“கொசு கட்ச்சா வருமாடா?”

“வந்தா நம்ம ஏரியாவுல ஒருத்தன் இருக்கமாட்டான் மாமே. அடுத்தது.”

“ஒரே ஊசிய ரெண்டு பேர் குத்திக்கினா?”

“அது வரும். ஒறையில்லாம போனாலும் வரும். கட்டிப்புடிச்சா வராது, ஒரே தட்டுல துன்னா வராது. போதுமா? காயப் போடு.”

இப்படிப் பதில் சொல்கிறவன்தான் அந்தக் கூரைமுகத்துக்காரன். மொபைல் ரிப்பேர் கடையில் வேலை. ஐந்து பேரில் அவனுக்குத்தான் வாய் அதிகம்.

பக்கத்து அடுக்குமாடிகளில் இருந்து ஐ.டி. வேலைக்காரப் பிள்ளைகளும் கொஞ்சம் கொஞ்சமாக கேரம் ஆட வந்தார்கள். மற்றவர்களைப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்வதற்கு முன்னால் நாங்கள் செய்துகொள்கிறோம் என்று பையன்களே முடிவு பண்ணி, ஐந்து பேரும் அரசு ஆஸ்பத்திரியின் நம்பிக்கை மையத்துக்குப் போனார்கள். நான் அவர்களுடைய செல்போன்களை மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தேன். முடிவை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு சொல்வார்கள். ஒவ்வொருவனும் உள்ளே போனான், வெளியே வந்தான். வந்தவன் எல்லாம் ஒரே மாதிரி சிரித்தான். இப்போதும் அந்த வராந்தாவை நினைத்துக்கொள்கிறேன். ஐந்து சிரிப்பில் ஒன்று வேறு என்று எனக்குத் தெரியவில்லை. தெரியக் கூடாது என்றுதான் அந்தக் கதவே இருக்கிறது.

அதற்கப்புறம்தான் பேனர். நம் பக்கத்தில் பேனர் இல்லாமல் எது நடக்கிறது? காதுகுத்து, கல்யாணம், பிறந்தநாள், சாவு, எல்லாவற்றுக்கும் மூஞ்சி போட்டு முச்சந்தியில் கட்டவேண்டும். “எங்க மூஞ்சியப் போடலாம் நைனா. நம்ம பசங்கன்னாதான் நின்னு பார்ப்பாங்க” என்றார்கள். ‘எச்.ஐ.வி. பற்றிக் கேட்க வெட்கப்படாதீர்கள், எங்களிடம் கேளுங்கள்’ என்று வாசகம். ஐந்து போட்டோவையும் வாட்ஸாப்பில் பிளெக்ஸ் கடைக்கு அனுப்பி, அவசரம் அவசரம் என்று வாய்ஸ் மெசேஜும் போட்டார்கள். பேனர் வந்தது. மழைத்தூறலில் திருமுல்லைவாயில் ஸ்டேஷனுக்குப் போகும் திருப்பத்தில் கட்டினார்கள். அதற்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்தார்கள். அவனவன் தன் மூஞ்சி நன்றாக விழுந்திருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தான்.

மறுநாள் காலை நான் வேலைக்குப் போகும்போது ஒரு பெரியவர் சைக்கிளை நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தப் பேனரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் நானும் ஒழுங்காகப் பார்த்தேன். ஐந்து முகமும் ஐந்து வட்டத்துக்குள். வட்டத்தைச் சுற்றி வெள்ளை ரோஜா. பின்னால் நீல ஆகாயம், மேகம். இரண்டு ஓரத்திலும் எரிகிற விளக்கு. ‘கண்ணீர் அஞ்சலி’ என்ற வார்த்தை மட்டும்தான் இல்லை. அது இருக்கவேண்டிய இடத்தில் எச்.ஐ.வி. என்று பெரிதாக இருந்தது.

யாரோ கீழே ஒரு முழம் பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

பையன்கள் முதலில் சிரித்தார்கள். “பாய், நான் செத்துட்டேன். டீ காசு கேக்காத.” “செத்தவன் எதுக்குடா டீ குடிக்கிற?” “மச்சான், என் பூவ நீ எடுத்துகினியா?” மத்தியானத்துக்குள் பேனரை அவிழ்த்தும்விட்டார்கள். ஆனால் அந்தக் காலைப்பொழுதே போதுமானதாக இருந்தது. பஸ்ஸில் போனவர்கள், ஸ்டேஷனுக்கு நடந்தவர்கள், எல்லாரும் பார்த்துவிட்டார்கள். அதற்கப்புறம் அவர்கள் தெருவில் நடந்தால் பேச்சு நிற்கும். ஒரு அம்மா தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர், அவர்களில் ஒருவனைப் பார்த்ததும் குடம் நிரம்பி வழிவதைக்கூடக் கவனிக்காமல் நின்றிருந்ததை நானே பார்த்தேன். பயம் என்று சொல்ல முடியாது. எங்கேயோ அனுப்பிவைத்த ஒன்று திரும்பி வந்தால் எப்படிப் பார்ப்போம், அப்படி.

மழை பலமாகப் பிடித்தபோது அந்தப் பிளெக்ஸைச் சங்க அறைக்குப் பின்னால் இருந்து யாரோ எடுத்துவிட்டார்கள். நல்ல துணி, யார்தான் விடுவார்கள்? துண்டு துண்டாக அறுத்துக்கொண்டார்கள். ஒரு முகம் டயர் கடையில் ட்யூப் அடுக்கின் மேல் கிடந்தது. இரண்டு முகம் ஏரிக்கரையில் ஆட்டுக் கொட்டகைக்கு மேல். இன்னொன்றை ஒரு மோட்டாரின் மேல் சுற்றிக் கயிறு போட்டிருந்தார்கள். ஓரத்தில் விளக்குப் பக்கத்தில் இருந்த முகம் பாய் கடைக்கு வந்தது.

“ரோட்டப் பாத்து கட்டினா போறவர்றவங்க மெர்சலாவுறாங்க. அதான் உள்ளபக்கம் திருப்பிட்டேன்” என்றார் பாய். நல்ல மனசோடு செய்ததுதான். ஆனால் அப்போதிருந்து அது டீ குடிப்பவர்களின் தலைக்கு நேர் மேலே. வெளியே காற்று அடித்தால் அந்தக் கன்னம் உப்பும். காற்று நின்றால் ஒட்டிக்கொள்ளும். மறுபடி உப்பும். மூச்சு விடுகிற மாதிரியே இருக்கும். வழக்கமாக உட்காருகிறவர்கள் ஒருவர்கூடச் சொல்லாமல் பெஞ்சைச் சுவரோரமாக நகர்த்திக்கொண்டார்கள்.

அந்தப் பையன் கேரம் ஆட வருவதை நிறுத்திவிட்டான்.

சில வாரம் கழித்து அவனை ஸ்டேஷனில் பார்த்தேன். பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அம்பத்தூர் போகிற வண்டி வந்து நின்றது, அவன் எழவில்லை. நானும் ஏறவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“இன்னாடா, வேலைக்குப் போகல?”

“நைனா, ஒண்ணு கேக்கறேன். அந்த பேனர்ல வெளக்கு எப்படி வந்துச்சு?”

“கடைக்காரன் தப்பா போட்டுட்டான்.”

“தப்பா போட்டானா, தெரிஞ்சு போட்டானா?”

எனக்கு விளங்கவில்லை. அவன் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அந்தக் கதவுக்குள் அவனுக்கு இருக்கிறது என்று சொன்னார்களாம். பயப்படாதே, தினமும் மாத்திரை போட்டால் எல்லாரையும் போல வாழலாம், கல்யாணம் பண்ணலாம், பிள்ளை பெறலாம் என்றும் சொன்னார்களாம். அவனும் நம்பி, யாரிடமும் சொல்லாமல் கூட்டு மருந்து எடுக்க ஆரம்பித்தான். பத்து நாள்கூட ஆகியிருக்காது. பேனர் வந்தது.

“யாரோ சொல்லிகீறாங்க நைனா. ஆஸ்பத்திரில இருந்தே சொல்லிகீறாங்க. அஞ்சு பேர்ல என் மூஞ்சி பக்கத்துல ஏன் வெளக்கு வரணும்?”

“இந்தப் பக்கம் இருந்தவனுக்கும்தானேடா வந்துச்சு.”

அவன் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. “எங்க அத்த திருமழிசையில இருந்து வந்துச்சு. பஸ்ல வர்றப்ப பேனரப் பார்த்துட்டு, ஒப்பாரி வச்சிகினே வந்துச்சு. நான்தான் கதவத் தொறந்தேன். என் மூஞ்சியத் தடவித் தடவிப் பார்த்துச்சு. அப்பறம் தண்ணிகூடக் குடிக்கல. போகசொல்ல, போய்ட்டு வரேன்னு சொல்லாம போச்சு நைனா.”

இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். சாவு வீட்டில் இருந்து கிளம்பும்போது நாம் போய்விட்டு வருகிறேன் என்று சொல்ல மாட்டோம். சொல்லாமல் எழுந்து போவோம். அந்த அத்தை உயிரோடு இருக்கிற பிள்ளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படிப் போயிருக்கிறது. வேண்டுமென்று செய்திருக்காது. கால் தானாகப் பழக்கத்தில் போயிருக்கும்.

“அப்பறம் மாத்திரய நிறுத்திட்டேன். வாய்ல போட்டா, மேலேர்ந்து அது பாக்குது. பாய் கடையில கீதே, அது. செத்தவனுக்கு எதுக்குடா மாத்திரைன்னு கேக்கற மாதிரி கீது.”

எப்படி வந்தது என்று கேட்க வாய் வரை வந்தது. அதைக் கேட்கக் கூடாது, அது எந்த உதவியும் செய்யாது என்று அந்த அம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். கேட்கவில்லை. மருந்தை விட்டால் உள்ளே இருப்பது பெருகிவிடும் என்பது மட்டும் தெரியும். அதை நான் சொல்லி அவன் கேட்கிற நிலையில் இல்லை. அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. சொன்னது யார்?

“பிளெக்ஸ் கடைக்காரன்கிட்ட நீ கேளு நைனா. நான் கேட்டா தெரிஞ்சிடும். அவன் மூஞ்சில நான் பாத்துக்கறேன்” என்றான்.

அன்றைக்கே போனோம். பிளெக்ஸ் கடை அம்பத்தூர் போகும் வழியில் ஒரு நீளமான அறை. உள்ளே வெளிச்சம் குறைவு. மெஷின் சத்தத்தோடு தரையில் ஒரு மணப்பெண்ணின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வந்து விழுந்துகொண்டிருந்தது. முதலில் நெற்றி, அப்புறம் கண். சுவரெல்லாம் முகங்கள், பழைய தவறுகள், பாதி அச்சானவை. தின்னர் மாதிரியே ஒரு வாசனை. என் கைவாசனை எனக்கே அந்நியமாக இருந்தது.

“சங்கத்துக்கு இன்னொரு பேனர் வேணும். போன தபா மாதிரி வெளக்கு எதுவும் வந்துடப் போவுது” என்றேன். குரல் சரியாக வந்ததா தெரியவில்லை.

கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். “அத்த ஏன் கேக்கற அண்ணாத்தே. அன்னிக்கு நாலு கல்யாணம். உன் பசங்க அர்ஜென்ட் அர்ஜென்ட்னு உயிர எடுத்துட்டானுங்க. அஞ்சு மூஞ்சி வைக்கிற மாதிரி கையில இருந்தது ஒரே ஃபைலு. அதுல மாத்திவுட்டேன். வெளக்க மறைக்க மறந்துட்டேன்.”

“எந்த ஃபைலு?”

“சாவு ஃபைலுதான். எல்லாத்துக்கும் அதான அடில கீது. இங்க பாரு.”

கம்ப்யூட்டரில் அன்றைக்கு அச்சாகிற கல்யாணப் பேனரைத் திறந்தார். மாப்பிள்ளை, பெண், வாழைமரம், தோரணம். ஓரத்தில் கண் மாதிரி சின்னச் சின்னப் பொம்மைகள் வரிசையாக இருந்தன. ஒன்றை அமுக்கினார். வாழைமரம் மறைந்தது. அது இருந்த இடத்தில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இன்னொன்றைத் திறந்தார். முதல் பிறந்தநாள் குழந்தை. பலூனை எடுத்தார். பலூனுக்கு அடியில் அதே விளக்கு. அரசியல்காரர் ஒருவரின் வரவேற்பு. கொடியை எடுத்தார். விளக்கு.

நான் உங்கள் காதுகுத்துக்கும் அங்கேதான் பேனர் அடித்தேன்.

பையன் திரைக்குக் கிட்டே வந்தான். “எல்லார் அடிலயும் கீதா?” என்றான்.

“எல்லார் அடிலயும் கீது தம்பி. மறைச்சிகினே இருக்கவேண்டியதுதான். உங்களுது ஒண்ணுதான் தப்பிச்சு வெளிய வந்துச்சு.”

“எங்களுதத் தொறங்க.”

திறந்தார். ஐந்து பேரும் சிரித்துக்கொண்டு வந்தார்கள், விளக்குகளோடு. பையன் குனிந்து, “நான் ஒரு தபா அமுக்கட்டா?” என்று கேட்டான். கடைக்காரர் எங்கே அமுக்கவேண்டும் என்று காட்டினார். அவன் அமுக்கினான். விளக்கு போனது. மறுபடி அமுக்கினான், வந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் மெஷினைப் பார்த்தேன். தரையில் மணப்பெண்ணுக்கு வாய் வந்துவிட்டிருந்தது. அவன் இன்னொரு முறை அமுக்கிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். திரையில் ஐந்து பையன்கள் நீல ஆகாயத்துக்கு முன்னால் சும்மா நின்றார்கள்.

வெளியே வந்ததும் கேட்டேன், “அவன் மூஞ்சில பார்த்தியா?”

“அவனுக்கு எதுவும் தெரியல.” கொஞ்சம் நடந்துவிட்டு, “யாரும் சொல்லல நைனா” என்றான். அப்புறம், “மாத்திரய நிறுத்திட்டேன்னு போய் நின்னா திட்டுவாங்களா?”

“தெரியாது. நானும் வரேன்.”

தெருமுனையில் பிரியும்போது அவன் திரும்பி நின்று, “போய்ட்டு வரேன் நைனா” என்றான். பக்கத்தில் நிற்பவனிடம் சொல்கிற சத்தம் இல்லை அது. தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

யாரும் திட்டவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரியில் கவுன்சலர் அம்மா அவனைப் பார்த்ததும், “சாப்பிட்டியா?” என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தபோது அவன் சிரிக்கவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. மறுபடி ரத்தம் எடுத்தார்கள், மருந்து ஆரம்பித்தார்கள். அடுத்த வருஷம் ஒருநாள் ஸ்டேஷனில், “தேடினாலும் கெடைக்காத அளவுக்குக் கொறஞ்சிடுச்சாம் நைனா. மருந்த வுடாம இருந்தா கட்டிக்கிறவளுக்குக்கூட என்கிட்ட இருந்து போவாதாம்” என்றான். இப்போது அவன்தான் ஞாயிற்றுக்கிழமை கேரம் ஆட்டத்தை நடத்துகிறான். அடுத்த பேனரில் பிள்ளைகள் வேண்டாம், எங்கள் முகத்தைப் போடு என்று பெற்றவர்கள் கேட்டுக்கொண்டார்கள். நானும் உங்கள் அம்மாவும்கூட இருக்கிறோம். “வெளக்கு வந்தாலும் வரட்டும், எங்களுக்கு வயசாச்சு” என்று அவனுடைய அம்மா சிரித்தார். எதற்காகச் சிரிக்கிறோம் என்பதில் பாதிதான் அவருக்குத் தெரியும். மீதியை எப்போது சொல்வது என்பது அவனுடைய விஷயம்.

பாப்பா பயந்த பிறகு நான் அவனிடம், கூரையில் இருக்கிறதைக் கழற்றிவிடலாமா என்று கேட்டேன்.

“கழட்டி இன்னா பண்ணுவ? கொளுத்துவியா, பொதைப்பியா, ஏரில வுடுவியா?” என்றான்.

மூன்றையும் யோசித்துப் பார்த்தேன். மூன்றும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கின்றன. குப்பையில் போடவும் கை வராது.

“இருந்துட்டுப் போவட்டும். இப்ப எடுத்தா ஏன்னு கேப்பாங்க” என்றான்.

இந்த வாரம் எனக்கு இரண்டாவது ஷிஃப்ட். வெள்ளிக்கிழமை மத்தியானம் பாய் தொழுகைக்குப் போகும்போது கடையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஷட்டரைப் பாதி இறக்கினேன். பெஞ்சைச் சுவரோரத்தில் இருந்து நடுவுக்கு இழுத்துப் போட்டு ஏறினேன். முகம் என் முகத்துக்குப் பக்கத்தில் வந்தது. கன்னம் உப்பியது, ஒட்டியது. பழைய பனியன் துணியை எஸ்டேட்டில் இருந்து கொண்டுவந்த தின்னரில் நனைத்து விளக்கைத் துடைத்தேன். முதலில் தண்டு போனது, அப்புறம் எண்ணெய்க் குழி. சுடர்தான் கடைசிவரை நின்றது. அழுத்தித் தேய்த்ததும் மஞ்சளாகத் துணிக்கு வந்துவிட்டது. ரோஜாக்களைத் தொடவில்லை. முகத்தில் ஒரு சொட்டு தெறித்திருந்தது. அதை ஈரமில்லாத முனையால் ஒற்றி எடுத்துவிட்டு இறங்கி, பெஞ்சை நடுவிலேயே விட்டுவிட்டு ஷட்டரைத் தூக்கினேன்.